மேகம் போன பிறகும் எழாத பம்பு

என் ஆய்வேட்டில் நான்காம் அத்தியாயம்தான் எல்லோருக்கும் பிடித்தது. வாய்மொழித் தேர்வுக்கு வந்திருந்த பேராசிரியர் அந்தப் பக்கங்களை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த யோசனை எப்படிம்மா வந்தது?" என்று கேட்டார். "சிமுலேஷன் செய்யும்போது தோணுச்சு சார்" என்றேன். பச்சைப் பொய். அந்த யோசனை ஏரியில் கைவிட்டுத் துழாவி இறால் பிடிக்கும் ஓர் அக்காவுக்குத் தோன்றியது. அதைச் செய்த குற்றத்துக்காகத்தான் அவரை நான் ஊர்க்கூட்டத்தில் நிற்க வைத்தேன்.

இதைச் சுற்றி வளைத்துச் சொல்லக்கூடாது என்று முதலிலேயே எனக்கு நானே கட்டளை போட்டுக்கொண்டிருக்கிறேன். சுற்றி வளைத்தால் என் பக்கமும் நியாயம் இருப்பதுபோல ஆகிவிடும். அந்தச் சாமர்த்தியம் எனக்குக் கொஞ்சம் அதிகம்.

எங்கள் குப்பம் பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிறது. ஏரியில் எங்கள் ஊருக்குப் 'பாடு' உண்டு. எந்தக் குடும்பம் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று முறை போட்டு வைத்திருப்பதற்குத்தான் அந்தப் பெயர். அது ஆண்கள் வழியாக வரும். நைனாவுக்கு உண்டு, அண்ணனுக்கு உண்டு, எனக்குக் கிடையாது. பாடு இல்லாதவர்களுக்கு ஊர்க்கூட்டத்தில் வாயும் கிடையாது. எங்கள் ஊரைத் தாண்டி ஏரிக்கரையோரம் ஒரு சின்னக் குடியிருப்பு இருக்கிறது. அங்கே ஒருவருக்கும் பாடு இல்லை. வலையும் இல்லை. முழங்கால் ஆழத்தில் தவழ்ந்துகொண்டே சேற்றில் கையை விட்டு இறாலும் நண்டும் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலையால் பின்னிய ஒரு பரியை வாயில் கவ்விக்கொண்டிருப்பார்கள். இரண்டு கைக்கும் வேலை இருப்பதால் அதைப் பிடிக்க வாய்தான் மிச்சம்.

கையால் பிடித்த இறாலுக்கு மீசை, கால் எதுவும் ஒடிந்திருக்காது. அதனால் அதை உயிரோடு வாங்கிக்கொள்ளச் சென்னையிலிருந்து ஒரு வியாபாரி தயாராக இருந்தார். எங்கள் ஊர் மகளிர் குழு ஏரிக்கரையில் கீற்றுக் கொட்டகை போட்டு ஒரு சிமெண்ட் தொட்டி கட்டியது. காலையில் பிடித்ததைத் தொட்டியில் விட்டு, பிற்பகலில் வண்டி வரும்வரை உயிரோடு வைத்திருக்க வேண்டும். அதற்குத் தண்ணீரில் காற்று ஊத வேண்டும். கொட்டகைக்குக் கரண்ட் லைன் கிடையாது. பேட்டரி வைத்தால் உப்புக்காற்றில் முனையெல்லாம் பச்சை பூத்துவிடும். நான் பொன்னேரிக்கு அப்பால் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டு, பகுதி நேரமாக ஆய்வும் செய்துகொண்டிருந்தேன். சோலார் பலகையிலிருந்து பேட்டரி இல்லாமல் நேராகக் காற்றுப் பம்பை ஓட்டும் ஒரு சுற்றை நானே செய்து தருகிறேன் என்றேன். ஊருக்கு நல்லது, எனக்கு ஆய்வேடு. குழுப் பெண்கள் எனக்கு மாலை போடாத குறைதான்.

தொட்டியைப் பார்த்துக்கொள்ள அந்தக் குடியிருப்பிலிருந்து ஓர் அக்காவை வைத்தார்கள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். ஒல்லியாக, எப்போதும் எதையோ கேட்டுக்கொண்டிருப்பவர்போலத் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பார். சிறு வயதிலிருந்தே ஏரித் தண்ணீரில் ஊறி அவருடைய கால்விரல் இடுக்கெல்லாம் புண்ணாகியிருந்தது. தொட்டி வேலைக்கு வந்து ஒரு மாதத்தில் அது ஆறிவிட்டது என்று எனக்குக் காலைத் தூக்கிக் காட்டினார். "மெய்யாலுமே டீச்சரம்மா, செருப்பு போட்டா எரியல" என்று சிரித்தார். வேலை எப்படிப் போகிறது என்று கேட்டதற்கு அதுதான் பதில்.

இனி அந்தச் சுற்றின் சமன்பாட்டைச் சொல்லியாக வேண்டும். பலகைக்கும், அதன் மின்சாரத்தைப் பம்புக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் கன்வர்ட்டருக்கும் நடுவே ஒரு மின்தேக்கி இருக்கிறது. அதில் மின்னழுத்தம் எவ்வளவு வேகத்தில் ஏறும், இறங்கும் என்பதை ஒரே வரியில் எழுதிவிடலாம். பலகை கொடுக்கும் மின்னோட்டத்திலிருந்து கன்வர்ட்டர் எடுக்கும் மின்னோட்டத்தைக் கழித்தால் போதும். வரி ஒன்றுதான், ஆனால் அதற்குள் இருக்கும் இரண்டுமே நேர்க்கோட்டில் நடக்காதவை. பலகையின் வளைவு நெடுநேரம் சமமாகப் போய்விட்டுச் சட்டென்று சரியும். கன்வர்ட்டர் அதைவிட வம்பு. சாதாரண பல்புக்கு அழுத்தம் குறைந்தால் குறைவாக எடுத்துக்கொண்டு மங்கலாக எரியும். கன்வர்ட்டருக்கு அந்த இங்கிதம் கிடையாது. பம்புக்கு எப்போதும் ஒரே பலத்தைக் கொடுத்தாக வேண்டும் என்பதால், அழுத்தம் குறையக் குறைய இன்னும் அதிகமாக இழுக்கும். வீட்டில் அரிசி குறைந்திருக்கிறது என்று தெரிந்த அன்றைக்குத்தான் அதிகமாகச் சாப்பிடும் விருந்தாளிபோல.

இப்படிப்பட்டதை நேரியல் அல்லாத வகைக்கெழுச் சமன்பாடு என்போம். பெரும்பாலும் இவற்றுக்கு நேரடியாக விடை எழுத முடியாது. அதனால் எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். நடுப்பகல் வெயிலில் சுற்று எந்த இடத்தில் நிற்கிறதோ அந்தப் புள்ளியை எடுத்துக்கொண்டு, அதன் அருகே வளைவை நேர்க்கோடாகப் பாவித்தேன். சிறிய ஆட்டம் வந்தால் தானாகவே அடங்கிவிடும் என்று வந்தது. 'நிலையானது' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் அது சரிதான். மேகம் ஒரு சிறிய ஆட்டமா என்று மட்டும் நான் கேட்டுக்கொள்ளவில்லை. கடற்கரையில் பிறந்தவள், கேட்டிருக்க வேண்டும்.

பெட்டிக்குள் அழுத்தத்தைப் பதிவுசெய்ய ஒரு சின்ன மெமரி கார்டு வைத்திருந்தேன். இரண்டு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால், அழகாகப் போகும் கோட்டில் நாளுக்கு மூன்று நான்கு இடத்தில் அழுத்தம் திடீரென்று உச்சிக்குத் தாவி, மறுபடி பழைய இடத்துக்கு வந்திருந்தது. சுவிட்சை அணைத்தால்தான் அப்படித் தாவும். ஒவ்வொரு தாவலுக்கும் முன்னால் ஒரு பள்ளமும் இருந்தது. அந்தப் பள்ளத்தை நான் கவனிக்கவில்லை. கவனித்தும் சட்டை செய்யவில்லை என்பதே உண்மை. கார்டைக் கையில் வைத்துக்கொண்டே கொட்டகைக்குப் போனேன்.

"அக்கா, சுவிட்ச நீங்க அணைக்கிறீங்களா?"

"ஆமா டீச்சரம்மா" என்றார், மறைக்க எதுவும் இல்லாதவர்போல. "மேகம் மூடுச்சுன்னா அது தூங்கிப்பூடுது. மேகம் போன அப்பாலயும் ஏந்துக்க மாட்டேங்குது. சும்மா முனகிக்கினே கீது, காத்து வர்ல. ஒருதபா அணைச்சிட்டுப் போட்டா ஏந்துக்குது."

"வெயில் வந்துட்டா அதுவே சரியாயிடும். நீங்க தொடாதீங்க."

"சரியாவல டீச்சரம்மா. நான் தண்ணிக்குள்ள கைய வெச்சுக்கினுதான கீறேன். குமிழி வர்தா வர்லயான்னு கைக்குத் தெரியாதா?"

இப்போது நினைத்தால் முகம் எரிகிறது. ஓர் ஆய்வாளருக்கு இதைவிடத் துல்லியமான குறிப்பை யாரும் கொடுக்க முடியாது. காரணம் வந்தால் விழுகிறது, காரணம் நீங்கினாலும் எழுவதில்லை, சுமையை, அதாவது பம்பை, கழற்றி மாட்டினால் எழுகிறது. மூன்று வாக்கியத்தில் மொத்தத்தையும் சொல்லிவிட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. என் கணக்கைப் பார்க்காமல் என் கணக்கு தப்பு என்று ஒருவர் சொல்கிறாரே என்கிற கோபம். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பதும் அந்தக் கோபத்தில் கலந்திருந்தது. கார்டைத் திரும்பச் செருகி, சுவிட்சையும் சேர்த்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். காலையில் பலகையின் ஒயரைச் செருகினால் ஓடும், மாலையில் கழற்றினால் நிற்கும், நடுவில் எதையும் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒயர் பக்கமே போகக்கூடாது, ஷாக் அடிக்கும் என்று பொய்யாகப் பயமுறுத்தியும் வைத்தேன். சாவியை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அன்றிரவு, கார்டிலிருந்து நகலெடுத்து வைத்திருந்த பதிவில் தாவல்களை 'மனிதக் குறுக்கீடு' என்று குறித்து வரைபடத்திலிருந்து நீக்கினேன். கோடு மிகவும் அழகாக வந்தது.

ஐப்பசியில் ஒரு நாள். காலையில் நல்ல வெயில். நான் முதல் பஸ்ஸைப் பிடித்துக் கல்லூரிக்குப் போய்விட்டேன். பதினொரு மணிக்கு வகுப்பில் இருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை. மறுபடி வந்தது. சத்தத்தை நிறுத்திவிட்டு, கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்ததைத் தொடர்ந்தேன். வகுப்பு முடிந்ததும் பார்த்தேன், மூன்று அழைப்பு. கடன் அட்டை விற்கிறவர்களாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் ஊருக்கு வந்தபோது கொட்டகையில் கூட்டம். இறால் முழுக்க வெளுத்து மல்லாந்து கிடந்தது. மேகம் மூடியிருக்கிறது, பம்பு விழுந்திருக்கிறது, கால் மணியில் மேகம் போயிருக்கிறது, பம்பு எழவில்லை. அக்கா யாரோ ஒருவரிடம் கெஞ்சிப் போன் வாங்கி எனக்கு அடித்திருக்கிறார். அப்புறம் ஒரு குடத்தை எடுத்துத் தொட்டித் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார், அப்படியாவது காற்றுக் கலக்கட்டும் என்று. மூன்று மணி வரைக்கும் ஊற்றினாராம். நான் போனபோது இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். "நீங்க தொடாதன்னு சொன்னீங்கன்னு தொடல டீச்சரம்மா" என்றார்.

பூட்டி வைத்தது நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சுற்றிலும் எங்கள் ஊர்ப் பெண்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பார்த்துட்டு சொல்றேன்" என்று கார்டை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பார்க்கவில்லை. கார்டு கைப்பையில் அந்தச் சாவிக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். கோவிலை ஒட்டிய கூடத்துக்குள் நின்று பேசிய முதல் பெண் நான்தான். பாடு உள்ளவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்க, நைனா முதல் வரிசையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இருந்தார். அக்கா கூடத்துக்கு வெளியே, வாசலுக்கு நேராக மணலில் நின்றார். அவருக்கு உள்ளே வர உரிமை இல்லை. எனக்குந்தான் இல்லை, ஆனால் நான் படித்தவள்.

நான் சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. "அந்த மிஷின் தானா நிக்காது. கணக்குப் போட்டுதான் வெச்சிருக்கேன். ஆனா அவங்க தினமும் சுவிட்ச அணைச்சு அணைச்சுப் போட்டிருக்காங்க. அதுக்கு என்கிட்ட ஆதாரம் கீது. அப்படிப் பண்ணா உள்ள பழுதாயிடும்." கடைசி வாக்கியத்துக்கு எந்த ஆதாரமும் கிடையாது. பழுதாகாது என்று எனக்குத் தெரியும். பெட்டியைப் பூட்டியதைச் சொல்லவில்லை. மூன்று அழைப்பையும் சொல்லவில்லை.

கூட்டத்தை நடத்தியவர் வெளியே பார்த்துக் கேட்டார்: "நீ சுவிட்சப் போட்டியா இல்லியா?"

"போட்டேங்க. அது தூங்கிப்பூட்டா..."

"போட்டியா இல்லியா?"

"போட்டேன்."

"அவ்ளோதான்" என்றார். நைனா திரும்பிப் பக்கத்தில் இருந்தவரிடம், "எம்பொண்ணு சொன்னா கரெக்டாதான் இருக்கும்" என்றது எனக்குக் கேட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. ஊர் நோட்டில் அக்காவின் பெயரை எழுதி, அவர் மிஷினைக் கெடுத்ததாகவும், இனி அந்தக் குடியிருப்பிலிருந்து யாரையும் எந்த ஊர் வேலைக்கும் வைப்பதில்லை என்றும் எழுதினார்கள். அக்கா வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

தொட்டிக்கு எங்கள் ஊர்ப் பெண் ஒருவரை வைத்தார்கள். அவர் சொன்னபடி எதையும் தொடவில்லை. அந்த மழைக்காலம் முடிவதற்குள் இரண்டு முறை இறால் செத்தது. பலகை சரியில்லை என்றேன். வியாபாரி வருவதை நிறுத்திக்கொண்டார், தொட்டி காய்ந்தது, குழு அதில் வலைகளைப் போட்டு வைத்தது.

கார்டை நான் திறந்து பார்த்தது மறு வருடம் கோடை விடுமுறையில், அதுவும் ஆய்வேட்டுக்கு ஒரு படம் குறைகிறது என்பதற்காக. அந்த ஐப்பசி நாளின் கோடு திரையில் வந்தது. மேகம் வந்த இடத்தில் சட்டென்று விழுந்து, அடியில் தவழ்ந்து, வெயில் திரும்பிய பிறகும் அடியிலேயே கிடந்தது. நேர்க்கோட்டை எறிந்துவிட்டு முழு வளைவையும் வைத்துச் சமன்பாட்டைக் கணினியில் ஓட்டினேன். அந்தச் சுற்றுக்கு நிற்க ஓர் இடம் அல்ல, இரண்டு இடங்கள். மேலே ஒன்று, அடியில் ஒன்று. வெயில் ஓர் அளவுக்குக் கீழே போனால் மேலே உள்ள இடம் காணாமலே போய்விடும். சுற்று அடிக்குச் சரியும். வெயில் திரும்பினால் மேல் இடமும் திரும்பிவிடும், ஆனால் அடியில் கிடப்பது தானாக அங்கே ஏறாது. ஒரு நொடி சுமையை விடுவித்தால் அழுத்தம் உச்சிக்குப் போகும், மறுபடி மாட்டினால் மேல் இடத்தில் வந்து உட்காரும். நான் நீக்கிய தாவல்கள் ஒவ்வொன்றும் அதுதான். இரண்டு மாதம் அந்தச் சுற்றை நிலையாக வைத்திருந்தது அக்காவின் கை. அதைத்தான் நான் பூட்டி எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். அழுது முடித்ததும் அதையே நான்காம் அத்தியாயமாக எழுதினேன். மேகம் கடந்ததும் தானாகவே சுமையை விடுவித்து மாட்டும் ஒரு சின்ன ஏற்பாடு. இரண்டும் ஒரே வாரத்தில் நடந்தன. எது என்னைப் பற்றி அதிகம் சொல்கிறது என்று எனக்குத் தெரியும்.

பட்டம் வாங்கி மூன்று மாதம் கழித்துத்தான் ஏரிக்கரைக்குப் போக முடிந்தது. போக முடிந்தது என்ன, தைரியம் வந்தது. காலை நேரம், தண்ணீர் வற்றியிருந்தது. அக்கா வாயில் பரியோடு, கழுத்துவரை தண்ணீரில், சேற்றைத் துழாவிக்கொண்டு தவழ்ந்து வந்தார். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்காலளவு இறங்கி எல்லாவற்றையும் சொன்னேன். கார்டு, பூட்டு, போன், நான் சொன்ன பொய், அத்தியாயம். பரி வாயில் இருந்ததால் அவர் நடுவே எதுவும் பேசவில்லை. நான் முடிக்கும்வரை ஒரு கை சேற்றுக்குள்ளேயே இருந்தது. பிறகு பரியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"அது தூங்கிப்பூடும்னு நான்தான் அப்பவே சொன்னனே" என்றார்.

"ஆமாங்க்கா. என்ன மன்னிச்சிடுங்க."

"இத்த இங்க வந்து எனக்கு இன்னாத்துக்கு சொல்ற? எனக்குத் தெரிஞ்சதுதான். அங்க போய்ச் சொல்லு. நோட்ல எம்பேரு கீதுல்ல, அத்த அடிக்கச் சொல்லு. எங்காளுங்க ஒருத்தருக்கும் உங்கூர்ல வேல இல்ல இப்போ. என்னாலன்னு எங்கூட்டுக்காரங்களே சொல்றாங்க."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிறு ஊருக்குப் போகவில்லை, தேர்வுத்தாள் திருத்த இருந்தது. அதற்கடுத்த ஞாயிறு போனேன். நைனாவிடம் முன்பே சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார், நானும் கேட்டுக்கொள்வேன்.

கூடத்துக்குள் போய் நின்று சொன்னேன். தப்பு என் கணக்கில் இருந்தது, அவர் செய்ததுதான் சரி, சாவி என்னிடம் இருந்தது, அவர் போன் செய்தும் நான் எடுக்கவில்லை.   நான் முடித்ததும் கூட்டத்தை நடத்தியவர் எழுந்தார்.

"பாத்தீங்களா?" என்றார் எல்லோரையும் பார்த்து. "டாக்டர் பட்டம் வாங்கின பொண்ணு. இங்க வந்து எம்மேலதான் தப்புன்னு சொல்லுது. யாருக்கு வரும் இந்த மனசு?" யாரோ கைதட்டினார்கள். நைனா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நோட்டுல அவங்க பேர அடிக்கணும்" என்றேன்.

"அட, விடும்மா. தொட்டியே இல்ல இப்போ. பழசக் கிளறி இன்னா ஆவப் போவுது? நோட்ல எழுதினத அடிச்சா அப்பால ஆளாளுக்கு அடிக்கச் சொல்லுவாங்க" என்று உட்கார்ந்துவிட்டார். அடுத்ததாக ஏதோ வலைத் தகராறை எடுத்தார்கள். நான் அங்கேயே நின்று, அடித்தால்தான் போவேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அக்காவைக் கூப்பிட்டு உள்ளே உட்கார வையுங்கள் என்றாவது சொல்லியிருக்க வேண்டும். நைனா என் தோளில் கைவைத்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். நானும் வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் ஏரிக்கரைக்குப் போனேன். அக்கா கரையில் உட்கார்ந்து பிடித்ததைப் பிரித்துக்கொண்டிருந்தார். கால்விரல் இடுக்குகளில் மறுபடியும் புண்.

"சொன்னியா?"

"சொன்னேங்க்கா. எல்லாத்தையும் சொன்னேன்."

"நோட்ல அடிச்சாங்களா?"

"இல்லக்கா."

"அப்பால இன்னாதான் பேசுனாங்க?"

 இந்த முறையாவது பொய் சொல்லக்கூடாது என்று இருந்தது.

"என்னப் பத்திதான் பேசுனாங்க" என்றேன்.

அவர் இறாலைப் பிரிப்பதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நல்லதா பேசுனாங்களா?"

"ஆமாங்க்கா" என்றேன்.